கதிருக்கு முந்திய காவல்

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவுக்குக் காமா கதிர் பாய்ந்து, சிகிச்சையும் கிடைக்காமல் போனால், அவர் பிழைப்பது பாதிக்குப் பாதி சந்தேகம்தான். ஆனால் அந்த 4 கிரே எவ்வளவு ஆற்றல் என்று கணக்குப் போட்டால் நம்ப முடியாது. ஒரு கிரே என்பது ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல். ஆக மொத்தம் 280 ஜூல். சூடான தேநீரை ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக வாயில் விட்டுக்கொண்டால் உடலுக்குள் போகும் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவுதான். உடல் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும், தெர்மாமீட்டருக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் சில வாரங்களில் எலும்பு மஜ்ஜை வற்றி, ரத்த அணுக்கள் உற்பத்தியாகாமல், சாதாரணக் கிருமித் தொற்றே ஆளை முடித்துவிடும்.

தேநீரின் வெப்பம் எண்ணற்ற மூலக்கூறுகளிடையே பரவி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கூடுதலாக ஆட வைக்கும், அதோடு சரி. காமா கதிரும் எக்ஸ் கதிரும் அப்படிப் பங்கு வைப்பதில்லை. போகிற வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இடங்களில் மட்டும் ஆற்றலைக் கொட்டுகின்றன. கொட்டிய இடத்தில் ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிந்துவிடுகின்றன. செல்லின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் என்பதால் பெரும்பாலும் அடி வாங்குவதும் தண்ணீர்தான். எலக்ட்ரானை இழந்த தண்ணீர் மூலக்கூறு, ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாமல், பக்கத்துத் தண்ணீரிடம் ஒரு புரோட்டானைத் தள்ளிவிட்டு ஹைட்ராக்சில் ராடிக்கலாக மாறுகிறது.

ஓர் ஆக்ஸிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். அதன் உடம்பு அவ்வளவுதான். அந்த ஜோடிக்காக எதிரே கொழுப்பு வந்தாலும் புரதம் வந்தாலும் டிஎன்ஏ வந்தாலும் பாய்ந்து பறிக்கும். செல்லுக்குள் அதன் ஆயுள் சில நானோ நொடிகள். அதற்குள் அது கடக்கும் தூரமும் சில நானோமீட்டர்தான். டிஎன்ஏ இழையின் குறுக்களவே 2 நானோமீட்டர் என்பதால், டிஎன்ஏவை ஒட்டிப் பிறக்கும் ராடிக்கல்தான் அதைத் தொட முடியும். எக்ஸ் கதிரும் காமா கதிரும் டிஎன்ஏவுக்குச் செய்யும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தண்ணீர் வழியாக வருவது. 1 கிரே பாய்ந்தால் ஒவ்வொரு செல்லிலும் சுமார் ஆயிரம் இடங்களில் டிஎன்ஏவின் ஓர் இழை அறுபடும். முப்பது நாற்பது இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்து அறுபடும். ஓர் இழை அறுந்தால் செல் எளிதாகத் தைத்துக்கொள்ளும். இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து.

அந்த மூன்றில் இரண்டு பங்கு நமக்கு நம்பிக்கை தரும் கணக்கு. கதிர் நேரடியாக டிஎன்ஏவில் இறங்குவதைத் தடுக்க ஈயச் சுவர் வேண்டும். தண்ணீர் வழியாக வருகிற ராடிக்கலையோ வேதியியலால் எதிர்கொள்ளலாம். எதிர்கொள்வதற்கான ஆயுதங்கள் நம் செல்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்கான காரணத்தை முதலில் தெளிவாகப் பார்த்தவர் ரெபேகா கெர்ஷ்மன் என்ற அர்ஜென்டினப் பெண்.

1903ல் பிறந்த கெர்ஷ்மன், நோபல் பரிசு பெற்ற பெர்னார்டோ ஹுசேயிடம் பயின்றவர். பிறகு அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போய், சுவாசத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வாலஸ் ஃபென்னின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் உயிரினங்கள் வலிப்பு வந்து சாகும் என்பது அப்போதே தெரியும். கதிர்வீச்சு கொல்லும் என்பதும் தெரியும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கெர்ஷ்மன் பார்த்தார். எக்ஸ் கதிர் பட்ட சுண்டெலிகளை அழுத்தம் மிகுந்த ஆக்ஸிஜனில் வைத்தபோது அவை மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் இறந்தன. கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் என்று அறியப்பட்டிருந்த சில பொருட்கள் ஆக்ஸிஜனின் நச்சிலிருந்தும் காப்பாற்றின. இரண்டு மரணங்களுக்கும் காரணம் ஒன்றே, செல்லுக்குள் பிறக்கும் ராடிக்கல்கள்தான் என்று 1954ல் அவரும் சக ஆய்வாளர்களும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்.

நாம் உயிர் வாழ இழுக்கும் மூச்சும் அணுகுண்டின் கதிரும் ஒரே வேதியியலில் வந்து சேர்கின்றன என்பது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை. அதற்குரிய பெயரும் புகழும் கெர்ஷ்மனுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். உயிருள்ள செல்லுக்குள் ராடிக்கல்கள் சகஜமாக நடமாடும் என்பதையே அன்று பலர் ஏற்கவில்லை. 1969ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் ஓர் என்சைமை அடையாளம் கண்டார்கள். சூப்பர்ஆக்சைடு என்ற ராடிக்கலைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை. எதிரியே இல்லாத இடத்தில் இயற்கை காவல் போடுமா? அதற்குப் பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கி சுமார் 240 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து ஆக்ஸிஜனோடு வாழப் பழகிய ஏறக்குறைய எல்லா உயிர்களும் இந்தக் காவலைச் சுமந்தே வந்திருக்கின்றன. கதிர்வீச்சும் நமக்குப் புதிதில்லை. இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உள்ளது. அதனால் வளர்ந்த ஒருவரின் உடலுக்குள் ஒவ்வொரு நொடியும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்திருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009ல் வெளியான ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. ஆண்டு முழுவதும் துளித்துளியாக வரும் கதிரைச் சமாளிக்க செல்லுக்கு அவகாசம் கிடைக்கிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். 4 கிரே ஒரே நேரத்தில் வந்தால் அந்த அவகாசம் இல்லை.

இந்தக் காவலைக் கண்ணால் பார்க்கலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெட்டிய உருளைக்கிழங்கின் மீது சில சொட்டு விட்டுப் பாருங்கள். வெட்டிய முகத்தில் முதலில் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பும். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளை நுரையாகப் பொங்கும். தோலின் மேல் விட்டால் அவ்வளவு பொங்காது. செல்கள் உடைந்து திறந்த இடத்தில்தான் பொங்கும். புண்ணில் ஊற்றினாலும் இதே நுரைதான். செல்களுக்குள் இருக்கும் கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிறது. ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைக்கும். கதிர் பாய்ந்த செல்லில் தண்ணீர் சிதைந்து உண்டாகும் பெராக்சைடுக்கும் இதே கதிதான்.

சூப்பர்ஆக்சைடுக்கு ஓர் என்சைம், பெராக்சைடுக்கு ஓர் என்சைம். ஹைட்ராக்சில் ராடிக்கலுக்கு? அதற்கு இல்லை. இருக்கவும் முடியாது. என்சைம் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்தில் கிடைத்ததைக் கடித்துவிட்டு மறைந்துவிடும். அப்படியானால் செல் என்ன செய்கிறது? கடிபட்ட இடத்தைக் கவனிக்கிறது. எனக்கு இந்த வேதியியலிலேயே மிக அழகாகப் படுவது இந்த இடம்தான்.

ராடிக்கல் டிஎன்ஏவின் சர்க்கரைப் பகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்ததாக வைத்துக்கொள்வோம். அந்த இடம் இப்போது தானே ஒரு ராடிக்கலாகத் தவிக்கும். அதை நோக்கி இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். ஒன்று ஆக்ஸிஜன். அது வந்து ஒட்டிக்கொண்டால் காயம் நிலைத்துவிடும், இழை அறுபடும். இன்னொன்று குளுட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மூலக்கூறு. நடுவில் இருக்கும் சிஸ்டீனில் ஒரு கந்தக அணு, அதன் முனையில் எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரு ஹைட்ரஜன். அதைக் கொடுத்துவிட்டால் டிஎன்ஏ பழையபடி ஆகிவிடும், ஒன்றுமே நடக்காததுபோல. யார் முந்துகிறார்கள் என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது.

பந்தயம் இவ்வளவு குறுகியது என்பதால் ஒரு விஷயம் தப்பாமல் பின்தொடர்கிறது. காக்கும் பொருள் கதிர் வரும்போதே, அந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். 1949ல் சிகாகோ அருகே உள்ள ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி பாட் குழுவினர் எலிகளுக்கு சிஸ்டீன் கொடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ் கதிருக்கு முன் கொடுத்தபோது, இறந்திருக்க வேண்டிய எலிகளில் பல பிழைத்தன. கதிர் பாய்ந்த பிறகு அதே சிஸ்டீனைக் கொடுத்தார்கள், பயன் இல்லை.

கதிர்வீச்சுக்கு மாதுளைச் சாறு நல்லது, கிரீன் டீ நல்லது என்று படிக்கும்போதெல்லாம் இந்த எலிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். செல்லுக்குள் குளுட்டாதயோனின் அடர்த்தி மில்லிமோலார் கணக்கில் இருக்கிறது. சாற்றிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் சிதைந்து, கல்லீரலில் உருமாறி, ரத்தத்துக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தேறுவதில்லை. எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி, அதாவது ராடிக்கலைத் தணிக்கும் சக்தி, என்று சோதனைக் குழாயில் அளந்த நீண்ட பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012ல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். குளுட்டாதயோனைச் செல் தானே செய்துகொள்கிறது; அதற்கு வேண்டிய சிஸ்டீன் பருப்பு, முட்டை, மீன், பால் வழியாகத்தான் வருகிறது. என்சைம்களுக்குத் துத்தநாகமும் செம்பும் மாங்கனீசும் செலினியமும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். மாதக்கணக்கில் நன்றாகச் சாப்பிட்டு வந்த உடலில் காவல் குறைவில்லாமல் இருக்கும். ஒரு நாள் குடித்த சாறு அந்த வேலையைச் செய்யாது.

இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கப் போகிறவர்கள் வீட்டில் தினமும் எழுகிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அந்த இடத்தில் மட்டும் வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 2 கிரே வீதம் ஆறேழு வாரம் கதிர் வைப்பார்கள். கட்டி கரையும், கூடவே உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வாடும். பிறகு ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் உள்ளே இறங்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து வாயை நனைக்க வேண்டும். இதைப் பார்க்கும் உறவினர் வைட்டமின் மாத்திரையோ மஞ்சள் மாத்திரையோ வாங்கி வருவதில் என்ன தவறு?

தவறு எங்கே நேரும் என்றால், கட்டியும் செல்களால் ஆனதுதான். நல்ல செல்லுக்கு ஹைட்ரஜன் கொடுக்கும் பொருள் கெட்ட செல்லுக்கும் கொடுக்கும். ஆக்ஸிஜன் குறைந்த கட்டிகள் கதிருக்கு அசையாது என்பதை லூயி ஹெரால்ட் கிரே குழுவினர் 1953லேயே காட்டினார்கள். கதிர்வீச்சின் அலகுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஆக்ஸிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். பந்தயத்தில் ஓட ஆக்ஸிஜன் இல்லையே. கூடுதல் ஆன்டிஆக்ஸிடன்டும் கட்டிக்கு அதே சலுகையைக் கொடுத்துவிடக்கூடும். கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்ற 540 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005ல் வெளியானது. வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவிளைவுகளின் கடுமை குறைந்தது உண்மை. ஆனால் அதே இடத்தில் புற்றுநோய் திரும்பி வருவது அவர்களிடம் கூடுதலாகத் தென்பட்டது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை 1994ல் இன்னொரு அதிர்ச்சியைத் தந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. மஞ்சளில் உள்ள குர்குமினையும் சோதனைகள் விட்டுவைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்த 30 பேரிடம் தோல் புண் குறைந்ததாக 2013ல் வந்த செய்தி பலருக்கு உற்சாகம் தந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மாத்திரையாக எதைச் சாப்பிட்டாலும் கதிர் சிகிச்சை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

நல்ல செல்லை மட்டும் காக்கும் மருந்து உண்டா? ஒன்று இருக்கிறது. அணுப்போர் அச்சத்தில் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிறுவனம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைச் சோதித்து எடுத்த அமிஃபோஸ்டின். அதுவும் சிஸ்டீனின் உறவுதான்; ஆனால் கந்தகத்தின் மேல் ஒரு பாஸ்பேட் மூடி போட்டிருக்கும். அந்த மூடியைத் திறக்கும் என்சைம் நல்ல திசுக்களில் அதிகம், கட்டிகளில் குறைவு. திறந்த பிறகு அந்த மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டம். எதிர் மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏவை அது தேடிப் போய் ஒட்டி நிற்கும். குளுட்டாதயோனுக்கு இந்த வசதி இல்லை. அதன் மின்னூட்டமும் எதிர்தான் என்பதால் டிஎன்ஏ அதைச் சற்றுத் தள்ளியே வைக்கிறது. கதிர் சிகிச்சையில் வாய் வறட்சியைக் குறைக்க அமிஃபோஸ்டினுக்கு 1999ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கதிருக்குச் சற்று முன்னால் ஊசியாகப் போட வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும் என்பதால் அது எல்லோருக்கும் உகந்ததாக ஆகவில்லை.

நாம் இவ்வளவு பாடுபடும் இடத்தில் ஒரு பாக்டீரியா அநாயாசமாக நிற்கிறது. 1956ல் ஓரிகன் மாநிலத்தின் கார்வாலிஸ் நகரில் ஆர்தர் ஆண்டர்சன் என்பவர் டின்னில் அடைத்த இறைச்சியைக் காமா கதிரால் கிருமி நீக்கம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். எந்த உயிரும் மிஞ்சாது என்று நம்பிய அளவுக்குக் கதிர் பாய்ச்சியும் ஒரு டின் கெட்டுப்போனது. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில், நான்கு நான்காகச் சேர்ந்து வளரும் ஒரு பாக்டீரியா. டைனோகாக்கஸ் ரேடியோடூரன்ஸ். 5,000 கிரே பாய்ந்தாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றும் ஆவதில்லை. நம்மைக் கொல்ல 4 போதும்.

பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர் எங்கும் இல்லை. பின் ஏன் இந்த வல்லமை? வறட்சிக்காக. ஈரம் முழுவதும் வற்றிக் காயும்போதும் டிஎன்ஏ துண்டு துண்டாகிறது. கதிரால் சாகும்படி மாற்றப்பட்ட டைனோகாக்கஸ் வகைகள் உலர வைத்தபோதும் செத்தன என்று 1996ல் மேட்டிமோர், பட்டிஸ்டா என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். வறண்ட மண்ணில் பிழைக்கக் கற்றது கதிருக்கும் உதவிவிட்டது.

அதன் ரகசியம் டிஎன்ஏவைக் காப்பதில்தான் இருக்க வேண்டும் என்று வெகுகாலம் எண்ணினார்கள். அளந்து பார்த்தால், ஒரே அளவு கதிரில் நம் குடலில் வாழும் ஈ.கோலையின் டிஎன்ஏ எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு டைனோகாக்கஸின் டிஎன்ஏவும் உடைகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஆனால் சில மணி நேரத்தில் அவை வரிசை மாறாமல் திரும்பக் கோக்கப்படுகின்றன. மிரோஸ்லாவ் ராட்மன் குழுவினர் 2006ல் இதன் படிகளை விவரித்தார்கள். அமெரிக்காவின் பெதஸ்டாவில் மைக்கேல் டேலி என்ற ஆய்வாளர் வேறு இடத்தைப் பார்த்தார். டைனோகாக்கஸில் மாங்கனீசு மிக அதிகம், இரும்பு குறைவு. இரும்பு பெராக்சைடைச் சந்தித்தால் மறுபடியும் ஹைட்ராக்சில் ராடிக்கல் பிறக்கும். மாங்கனீசு அதைச் செய்வதில்லை. பாஸ்பேட்டோடும் சிறு பெப்டைடுகளோடும் சேர்ந்து ராடிக்கல்களைத் தணிக்கிறது. அதனால் கதிர் பாய்ந்த பிறகும் டைனோகாக்கஸின் புரதங்கள் சிதையாமல் இருக்கின்றன என்று டேலி 2007ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உடைந்த டிஎன்ஏவை ஒட்டும் என்சைம்களும் புரதங்கள்தானே. ஈ.கோலையில் அந்த என்சைம்களே அடிபட்டுக் கிடக்கின்றன, ஒட்ட ஆளில்லை. டைனோகாக்கஸ் தன் தையல்காரர்களைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு மாங்கனீசு மாத்திரை தேடக் கூடாது. சுரங்கத்திலும் வெல்டிங்கிலும் மாங்கனீசுப் புகையை நெடுங்காலம் சுவாசித்தவர்களுக்கு நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வருகின்றன. அளவுக்கு மீறினால் அந்த உலோகம் மனித மூளைக்கு ஆகாது.

மனித உடலுக்குள் கொண்டுவர முடியாத இந்த வித்தையை டேலியின் குழு உடலுக்கு வெளியே பயன்படுத்திவிட்டது. கிருமியைக் கதிரால் கொன்று தடுப்பூசி செய்வது பழைய ஆசை. கதிர் கிருமியின் மரபணுவை நொறுக்கும். ஆனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய புரதங்களும் கூடவே சிதைந்துபோகும். அதனால் தடுப்பூசி வலுவிழந்துவிடும். டைனோகாக்கஸிடம் கற்றபடி மாங்கனீசு, பெப்டைடு, பாஸ்பேட் கலவையைக் கிருமியோடு கலந்துவிட்டுக் கதிர் பாய்ச்சினார்கள். கலவை புரதங்களைக் காத்தது; மரபணு நொறுங்கியது. இப்படிக் கொல்லப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா, பெருக வழியில்லாமல், ஆனால் முகம் மாறாமல் எலிகளின் உடலுக்குள் போய் எதிர்ப்பைத் தூண்டியது என்று 2012ல் அறிவித்தார்கள். பிறகு போலியோ வைரஸிலும் இதே முறையை முயன்றிருக்கிறார்கள்.